குவைத்துக்குப் போக நல்ல மாசம்

ஆசீர்வாதம் என்று பேர் வைத்த பாதிரியாருக்கு நல்ல மனசு. என்ன பிரயோசனம், அந்தப் பேருக்கும் இவன் கைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாய் ஒரு வார்த்தை பேசுவதற்குள் கை போய்ச் சேர்ந்துவிடும். எளாவூர் செக்போஸ்ட் டீக்கடையில் குறுக்கே புகுந்து டீ வாங்கிய லாரி டிரைவரின் மூக்கை உடைத்திருக்கிறான். கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை செய்கிற கம்பி மில்லில், ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவனின் சோற்றுத் தட்டைக் காலால் தள்ளின சூப்பர்வைசரை அலாக்காகத் தூக்கி இரும்புக் குப்பையில் போட்டிருக்கிறான். அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளுங்கடா என்று மறுநாளும் அதே முகத்தோடு ஷிப்டுக்குப் போனான்.

இப்படிப்பட்ட ஆளை யார் தேடி வருவார்கள் என்று கேட்பீர்கள். வருவார்கள். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. பாஸ்போர்ட் எடுத்த கையோடு பிள்ளைகள் இவன் வாசலில் வந்து நிற்பார்கள். குவைத்துக்கு எந்த மாசம் போனால் நல்லது என்று கேட்பார்கள். கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆசீர்வாதம் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு மாசம் மாசமாகப் பிரித்து வைப்பான்.

நவம்பரில் இறங்கு என்பான். ஒன்றிரண்டு மழை தூறும், சட்டை போட்டுக்கொண்டு நடக்கலாம், மனுஷனாக இருக்கலாம். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி பல் தந்தியடிக்கும், கம்பளி இல்லாமல் போகாதே. அந்த ஊர்ப் பணக்காரனே மாளிகையைப் பூட்டிவிட்டு மணலில் கூடாரம் போட்டுப் படுப்பது அப்போதுதான். பிப்ரவரியில், நீ நம்ப மாட்டாய், அந்தக் கட்டாந்தரையில் புல் முளைக்கும். மார்ச், ஏப்ரலில் மண்புயல் அடிக்கும், எதிரில் நிற்கிறவன் தெரிய மாட்டான். மே பாதியில் சூரியன் அடுப்பைப் பற்றவைத்துவிடுவான். நவம்பரில் போனவனுக்கு அதற்குள் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்கும். ஜூன், ஜூலையில் புதுசாக இறங்குகிறவன் திரும்பி வர டிக்கெட் போட வேண்டாம், கம்பெனியே பெட்டியில் அனுப்பிவிடும். இப்படிச் சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிப்பான்.

கேட்கிறவன் தலையாட்டுவான். ஆட்டிவிட்டு ஜூனில்தான் போவான். ஏனென்றால் நவம்பர் நமக்கு எப்படிப்பட்ட மாசம் என்று உங்களுக்கே தெரியும். புயல் சின்னம் ஒன்று கடலில் உட்கார்ந்திருக்கும், வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும், கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருக்கும். குடும்பத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு எவன் ஏரோப்பிளேன் ஏறுவான்? கத்திரி வெயில் முடிந்து ஏஜென்டு கூப்பிடும்போது ஏறுவது சுலபம்.

ஆசீர்வாதமும் ஒரு காலத்தில் அப்படி ஜூனில் ஏறினவன்தான். இருபத்தைந்து வயசு, கம்பி கட்டுகிற வேலை, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனான். குவைத் ஏர்போர்ட்டுக்கு வெளியே கால் வைத்ததும் முகத்தில் அனல் அறைந்தது. பக்கத்தில் ஏதோ பெரிய வண்டியின் இன்ஜின் ஓடுகிறது என்று நினைத்து நாலு அடி தள்ளி நின்றான். அங்கேயும் அதே அனல். இன்னும் தள்ளிப் போனான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், அந்த ஊர்க் காற்றே அதுதான் என்கிற விஷயம் அவர்களுக்கும் அப்புறம்தான் உறைத்தது.

அகமதி பக்கம் எண்ணெய்க் குழாய் போகிற பாதையில் வேலை. வெயிலில் கிடந்த கம்பியைக் கிழிந்த கிளவுசோடு தூக்கினான், உள்ளங்கைத் தோல் கம்பியோடு போய்விட்டது. அந்த வேதனையோடு கேம்புக்கு வந்தால் அங்கே வேறு ரகளை. அறைக்கு ஒரு ஏசி, அதற்கு நேர் கீழே ஒரே ஒரு கட்டில். அந்தக் கட்டிலுக்காக இரண்டு பேர் காய்கறிக் கத்தியை எடுத்துக்கொண்டு மோதினார்கள். ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் சரிந்தான், இன்னொருத்தனைப் போலீஸ் கொண்டுபோனது. மறுநாள் மூன்றாவது ஒருவன் ரத்தக் கறை மேல் துண்டை விரித்துப் போட்டு அதே கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டான். வெயில் மனுஷனை அப்படி ஆக்கிவிடுகிறது.

இதையெல்லாம்கூட ஆசீர்வாதம் சிரித்துக்கொண்டே சொல்லுவான். சுப்பராயன் கதை வரும்போதுதான் அவன் முகம் மாறும். சுப்பராயன் சூலூர்பேட்டை ஆள், பேச்சில் பாதி தெலுங்கு. இவனுக்கு அவன் நைனா, அவனுக்கு இவன் நைனா. இரண்டு பேருக்கும் ஒரே கடல், ஒரே காற்று. இந்தக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மே மாசம் காலையில் எத்தனை கொளுத்தினாலும், மத்தியானம் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்று ஏறிவிடும். காற்று வந்துவிட்டது என்று ஒருத்தன் சொன்னால் போதும், மில்லில் ஃபர்னஸ் பக்கம் நிற்கிறவன், வயலில் நிற்கிறவன், கடையில் உட்கார்ந்திருக்கிறவன், எல்லோரும் சட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து நிற்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. உடம்பு தானாக எழுந்து வரும்.

ஜூலை மாசம் ஒரு மத்தியானம். அங்கே கோடையில் உச்சிவெயில் நேரத்தில் வெளிவேலை கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் தகரக் கொட்டகையின் நிழலில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோரும் கிடந்தார்கள். சட்டென்று காற்று எழும்பியது. சுப்பராயன் எழுந்தான். "காத்து வந்துச்சு நைனா, வா" என்றான். தலைத்துணியை வீசிவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அந்தக் காற்று கடலிலிருந்து வரவில்லை. ஈராக் பக்கத்து மணலையெல்லாம் தடவிக்கொண்டு, உடம்புச் சூட்டைவிட அதிகச் சூட்டோடு வந்தது. உடம்பில் இருந்த கடைசிச் சொட்டு ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது. ஆசீர்வாதம் போய் இழுத்து வருவதற்குள் சுப்பராயனுக்கு வேர்ப்பது நின்றுபோயிருந்தது. தோல் காய்ந்து கொதித்தது. ஊரில் இருக்கிற பெண்டாட்டி எதிரில் நிற்பது போலத் தெலுங்கில் என்னமோ பேசினான், சிரித்தான், இவனை அடித்தான், கடித்தான். வண்டி வருவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் ஃபோர்மேன் வந்து, ஒரு ஆள் குறைகிறது, இனிமேல் மத்தியானமும் வேலை, கொட்டகைக்குப் பின்னால் செய்தால் யாருக்கும் தெரியாது என்றான். ஆசீர்வாதத்தின் கையில் கம்பி முறுக்குகிற கொக்கி இருந்தது. அந்தக் கொக்கியாலேயே ஃபோர்மேனின் தாடையில் ஒரு போடு போட்டான். பல்லும் ரத்தமும் மணலில் கொட்டியது. ஒரு வருஷம் ஜெயிலில் போட்டார்கள், அங்கே ஏசி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அப்புறம் ஊருக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கம்பி மில்லில் வேலை, மேரியோடு கல்யாணம், காலனியில் இரண்டு அறை வீடு என்று காலம் ஓடிப்போயிற்று.

இப்போது லோகுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோகு மேரியின் தம்பி. தாயில்லாப் பிள்ளை, அக்கா இடுப்பில் வளர்ந்தவன். மாமா வேலை செய்கிற மில்லிலேயே ஃபர்னஸ் பக்கம் நிற்கிறான். சிவக்கக் காய்ந்த கம்பி உருளைக்குள் போகும்போது சில சமயம் வழி தவறிச் சீறிக்கொண்டு வெளியே பாயும். அப்படிப் பாய்ந்த ஒரு கம்பி போன பொங்கல் சமயத்தில் பக்கத்தில் நின்றவன் தொடையைத் துளைத்துக்கொண்டு போனதை லோகு கண்ணால் பார்த்தான். அன்றைக்கே இந்த மில் வேண்டாம், வெளிநாடு போகிறேன் என்று முடிவு செய்துவிட்டான். அதில் தப்பே இல்லை. மாமாவுக்குத் தெரியாமல் துளசிராமனிடம் போனான், ஜூன் முதல் வாரம் ஏறுவதற்கு விசா வந்துவிட்டது. தப்பு அங்கேதான்.

துளசிராமன் ஏஜென்டு. பஜாரில் செல்போன் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். விஷயம் காதில் விழுந்ததும் ஆசீர்வாதம் ஷிப்டு முடிந்த கரியோடு மாடி ஏறினான். உள்ளே சுவரில் பெரிய போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. மணல்மேடு, அதன் மேல் ஒட்டகம், ஒட்டகத்தின் மேல் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு குடும்பம். கீழே கொட்டை எழுத்தில், பாலைவன நாடுகளைச் சுற்றிப் பார்க்கச் சிறந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று அச்சடித்திருந்தது. ஆசீர்வாதம் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தான். பிறகு துளசிராமனைப் பார்த்தான்.

"பாக்கப் போறவனுக்கு நவம்பரு. எங்காளுக்கு ஜூனா?"

துளசிராமன் அசரவில்லை. அவன் பார்க்காத முரடனா? "அது ஒட்டகம் பாக்கப் போறவனுக்கு எய்தனது. உம் மச்சான் ஒட்டகம் பாக்கவா போறான்? ஜூன்லதான் அங்க இருக்குறவன் வெயில் தாங்காம ஓடறான். அப்பதான் எடம் காலியாவுது. நவம்பர்ல எடம் இருந்தா நானே போவேன்."

நியாயமாகத்தான் சொன்னான், அதுதான் ஆசீர்வாதத்துக்குப் பொறுக்கவில்லை. பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தை மேஜைக் கண்ணாடி மேல் அழுத்தினான். கண்ணாடி விரிசல் விட்டுப் பொடிந்தது. துளசிராமனின் புருவம் கிழிந்து ரத்தம் பாஸ்போர்ட்டுகள் மேல் சொட்டியது. கீழே கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து பிரித்தார்கள். துளசிராமன் கர்ச்சீப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு, நீ என்னை அடி, உன் மச்சானை அடி, யாரை வேண்டுமானாலும் அடி, கம்பெனி கேட்ட ஆள் கணக்கு மட்டும் குறையாது என்றான். அவன் சொன்னது எவ்வளவு நிஜம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வீட்டில் ஒரு வாரம் ஓயாத சண்டை. ஆசீர்வாதம் கெஞ்சினான், அதட்டினான், நவம்பரில் தானே செலவு பண்ணி அனுப்புவதாகச் சத்தியம் பண்ணினான். லோகு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மேரிக்கும் தம்பி போவதில் சம்மதம். நீ அடிதடி பண்ணித் திரும்பி வந்தாய், என் தம்பி அப்படி இல்லை என்று குத்திக் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். கத்திரி உச்சத்தில் இருந்தது. லோகு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து புது ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். ஆசீர்வாதம் கடைசித் தடவையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று போனான். கோபம் இல்லாமல்தான் போனான், சத்தியமாகச் சொல்கிறேன்.

லோகு தலை நிமிராமல் பேசினான். "மாமா, ஃபர்னஸ் வாயில நிக்கறவன் நானு. வெயிலு என்ன இன்னா பண்ணிடும்? அங்கயும் கடலு கீதாம்ல. மத்தியானம் ஆனாக்கா காத்து வந்துடும். அப்பிடியே வெளிய போய் நின்னுக்கினா சரியாப் போச்சி."

காத்து வந்துடும். அந்த இரண்டு சொல்தான். ஆசீர்வாதத்துக்கு எதிரில் லோகு தெரியவில்லை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்ற சுப்பராயன்தான் தெரிந்தான். இனிமேல் இவனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று அவனுக்கு அந்த நிமிஷம் விளங்கிப்போயிற்று. கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கம்பித் துண்டு ஒன்று மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தான். லோகுவின் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலே கல்லின் விளிம்பில் வைத்தான். வலது கை சோறு தின்கிற கை, அதைத் தொடக் கூடாது என்று யோசிக்கிற அளவுக்கு அவனுக்கு நிதானம் இருந்தது. லோகு சிரித்தான், மாமா விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மேரிக்குக் கேட்டது.

லோகு கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. கை நடுவில் இன்னொரு முட்டி முளைத்தது போல வளைந்து தொங்கியது. மேரி கையில் இருந்த இரும்புக் கரண்டியால் புருஷனை அடித்தாள், மண்டையில், தோளில், முகத்தில், கரண்டிக் காம்பு கோணுகிற வரைக்கும் அடித்தாள். ஆசீர்வாதம் தடுக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டே லோகுவின் கைக்கு மட்டை வைத்துத் துண்டால் கட்டினான், வண்டியை எடுத்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகிற வழியெல்லாம் ஒன்றையே சொன்னான்.

"நவம்பர்ல கட்டு பிரிச்சிருப்பாங்க. அப்ப போடா. நானே உன்ன ஏர்போர்ட்டுக்கு இட்டுக்கினு போறேன்."

டாக்டர் எப்படி உடைந்தது என்று கேட்டார். மாமா உடைத்தார் என்று லோகு சொன்னான். போலீஸ் வந்தது. குடும்ப விஷயம், புகார் இல்லை என்று மேரிதான் எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெளியே வந்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவில் தனியாக வீடு பார்த்துப் போய்விட்டாள். லோகுவின் கூட்டாளிகள் விடுவார்களா? மில்லுக்குப் பின்னால் மடக்கிப் பிடித்து மிதித்தார்கள். ஆசீர்வாதத்துக்கு ஒரு பல் போயிற்று, விலா எலும்பு ஒன்று விட்டுப்போயிற்று. வெளியாட்கள் அடித்தும் வாழ்நாளில் முதல் தடவையாகத் திருப்பி அடிக்காமல் கிடந்தான். ஜூன் பிறந்தது. லோகு மாவுக்கட்டோடு அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து எதிரில் வருகிறவனிடமெல்லாம் மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தான். அந்தத் திட்டு தெருத் தாண்டிக் கேட்கும்போது ஆசீர்வாதத்துக்குச் சோறு இறங்கியது.

இங்கேயே கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்து வீடு ஜோதிலட்சுமியுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறாள். புருஷன் இல்லை. ஒரே மகன் குணா, லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஆசீர்வாதத்தின் கண்ணெதிரில் டவுசர் போட்டுக்கொண்டு வளர்ந்தவன். அந்தக் குணா ஒருநாள் சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான். துளசிராமனே கூப்பிட்டு அனுப்பினானாம். லோகு இடத்துக்கு ஆள் வேண்டுமாம். மெடிக்கல் முடிந்தது, ஜூன் கடைசியில் பயணம். ண்ணா, நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவரு, அங்க எப்பிடி இருக்கணும்னு சொல்லுங்க என்று பவ்வியமாகக் கேட்டான்.

ஆசீர்வாதத்தின் பார்வை கதவு மூலைக்குப் போயிற்று. கம்பித் துண்டு அங்கேதான் சாய்ந்திருந்தது. கை தினவெடுத்தது, அதை மறைக்கவில்லை நான். ஆனால் கை கம்பிக்குப் போகவில்லை. மச்சான் என்றால் கை வைக்கலாம், அக்காவைக் கட்டினவன் அடித்தால் அது குடும்பச் சண்டை, ஒரு கரண்டியோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை அடித்தால் அப்படி முடியுமா? கிறிஸ்துவன் இந்துப் பையன் கையை உடைத்தான் என்பார்கள், எங்கெங்கிருந்தோ கொடியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், காலனி இரண்டாகும். விலா எலும்பு வேறு இன்னும் மூச்சு விட்டால் குத்துகிறது. தவிர, ஊரான் வீட்டுப் பிள்ளை மேல் தனக்கு என்ன பாத்தியதை?

அதனால் வாயால் சொன்னான். நவம்பர் வரைக்கும் தள்ளிப் போடு என்றான். விசா நிற்காது என்றான் குணா. சரி என்று அவனை உட்கார வைத்து, மாசம் மாசமாக, மணி மணியாகச் சொன்னான். தண்ணீர் தாகம் எடுப்பதற்கு முன்னால் குடி, உப்புப் போட்டுக் குடி, தலைத்துணியை நனைத்துக்கொண்டே இரு. வேர்ப்பது நின்றால் எமன் வந்துவிட்டான் என்று அர்த்தம், உடனே கத்து. சுப்பராயன் கதையைச் சொன்னான். கடைசியில் குணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நசுங்கிவிடும் போல அழுத்திக்கொண்டு சொன்னான்.

"காத்து வந்தா உள்ள போ. கேட்டுக்கினியா? ஒடம்பு தானா எய்ந்துக்கும். எய்ந்துக்காத. காத்து வந்தா உள்ள போ."

குணா அதைத் திருப்பிச் சொன்னான். ஜோதிலட்சுமி தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சொன்னதை மனசில் வைத்துக்கொள் என்று மகனுக்குச் சொன்னாள். ஆடி மாசம் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டு, அவனை வழியனுப்பினாள்.

ஜூலை பாதியில் போன் வந்தது. குணாவோடு ஒரே அறையில் இருந்த மணவாளன் என்கிற பொன்னேரிக்காரன் பேசினான். ஜோதிலட்சுமி வேலைக்குப் போயிருந்தாள், அவள் எடுக்காததால் ஆசீர்வாதத்தின் போனுக்குக் கூப்பிட்டிருந்தான். மணவாளன் அழுதுகொண்டே சொன்னான். மத்தியானம் கொட்டகை நிழலில் எல்லோரும் அசந்து படுத்திருந்தார்களாம். குணாவும் கண்ணயர்ந்திருந்தானாம். காற்று எழும்பினதும் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்தானாம். தலைத்துணியை உருவிப் போட்டுவிட்டு, காத்து வந்துடுச்சுடா என்று சொல்லிவிட்டு, வெளியே அடுக்கியிருந்த குழாய் மேல் ஏறிச் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றானாம். மற்றவர்கள் முழித்துப் பார்த்தபோது குழாய்க்குக் கீழே கிடந்தான். உடம்பு பட்ட இடத்துத் தோலெல்லாம் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்டை அடிபட்டு மணலில் ரத்தம் ஊறியிருந்தது, அதுவும் உடனே காய்ந்துவிட்டது. சொன்னதெல்லாம் காதுக்குத் தெரிந்திருந்தது. உடம்புக்குத் தெரியவில்லை.

ஆசீர்வாதம் அந்தக் கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனான். துளசிராமனின் ஆபீஸ் ஷட்டர் இறங்கியிருந்தது, ஆள் ஊரிலேயே இல்லை. மூடின ஷட்டரை அடித்தான். தகரம் குழிந்து கிழிந்தது, கை வழிந்து சட்டை நனைந்தது, கம்பி வளைந்தது, அடிப்பதை நிறுத்தவில்லை. போலீஸ்காரர்கள் வந்து கீழே தள்ளி லத்தியால் முட்டிக்காலில் போட்ட பிறகுதான் ஓய்ந்தான்.

பெட்டி ஆடி மாசத்தில் வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து ஆம்புலன்சில் ஏற்றிக் காலனிக்குக் கொண்டுவந்தார்கள். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது முகம் யார் முகமென்றே தெரியவில்லை, கறுத்துச் சுருங்கியிருந்தது. ஜோதிலட்சுமி பிள்ளையின் மோவாயில் இருந்த பழைய தழும்பைத் தடவிப் பார்த்து, இவன்தான் என்றாள். அதற்கு அப்புறம் அழவில்லை. பெண்கள் மாரடித்துக்கொண்டார்கள், அவள் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

மேரியும் லோகுவும் வந்திருந்தார்கள். லோகுவின் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள், எலும்பு கோணலாகத்தான் கூடியிருந்தது. ஆசீர்வாதம் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வீங்கின முட்டியோடு நின்றான். உள்ளே வரவில்லை.

ஜோதிலட்சுமி எழுந்தாள். எல்லோரும் வழி விட்டார்கள். நேராக லோகுவிடம் போய் அவனுடைய இடது கையைப் பிடித்தாள். கோணலாகக் கூடியிருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்து அவனையும் இழுத்துக்கொண்டு ஆசீர்வாதத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று அவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்று நினைத்தான்.

"இவன் உம் மச்சான்" என்றாள். "அதனால கைய ஒடச்ச. எம்புள்ள ஊரான் ஊட்டுப் புள்ள. அதனால வாயால சொன்ன."

"யக்கா, நான் அவ்ளோ சொன்னேனே" என்றான் ஆசீர்வாதம்.

"சொன்ன. நானும்தான் கேட்டுக்கினு நின்னேன். ஊர்ல இருக்கறவன எல்லாம் அடிச்சியே ஆசி. லாரிக்காரன அடிச்ச, ஏஜெண்ட அடிச்ச, கட்டின பொண்டாட்டியோட தம்பிய அடிச்ச. எம்புள்ளைய மட்டும் ஒரு அடி அடிக்காம உடறதுக்கு உங்கைக்கு இன்னா வந்துச்சி? நான் ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன். மண்ண வாரித் தூத்தியிருப்பேன். சாவற வரைக்கும் உம் மூஞ்சில முய்ச்சிருக்க மாட்டேன். அவன் ஒடஞ்ச கையோட ஊட்ல ஒக்காந்துகினு சோறு துன்னுக்கினு இருந்திருப்பான்."

லோகு தலையைக் குனிந்துகொண்டான். ஜோதிலட்சுமி அவன் கையை விட்டுவிட்டு, திரும்பிப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.